பச்சை எரிந்தால் கை வைக்கலாம்

ஸ்ரீவத்சனுக்குக் கோபம் வந்தால் முதலில் பறப்பது கீபோர்டு. அப்புறம் மவுஸ், அப்புறம் டம்ளர். டம்ளரில் டீ இருக்கிறதா என்று பார்க்கிற பொறுமையெல்லாம் அவருக்குக் கிடையாது. மராத்தி பேசுகிற சிஞ்ச்வட் ஊரில், ஸ்டேஷனுக்குப் பின்னால், ஒரு ஹவுசிங் சொசைட்டியின் தரைத்தளத்தில் இரண்டு ஃபிளாட்டுகளுக்கு நடுச்சுவரை இடித்து அவர் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி நடத்தி வந்தார். ஒருமுறை விச்சு என்ற பையனின் காதோரம் ஸ்டேப்ளர் பறந்து வந்து கிழித்தது, தையல் போட்டார்கள். மறுநாள் கட்டோடு வேலைக்கு வந்த விச்சுவிடம், நகர்ந்திருக்கக் கூடாதா என்று கேட்டார் ஸ்ரீவத்சன். அது 2002. அமெரிக்கா போனவர்களே பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்த வருஷம். இருக்கிற வேலையை விட்டுவிட்டுப் போக யாருக்குத் துணிச்சல் வரும்? அந்த மனுஷருக்கும் அது நன்றாகத் தெரியும்.

கோயம்புத்தூரிலிருந்து வந்த ரோஹிணிதான் அங்கே மூத்த புரோகிராமர். அவள் மேல் எதுவும் பட்டதில்லை. பெண்பிள்ளை என்பதால் தலைக்கு ஓரடி தள்ளிக் குறி வைப்பார். அதை மரியாதை என்று நினைத்துக்கொள்ளும் அளவுக்கு அவளும் பழகிப்போயிருந்தாள்.

இந்தக் கோபத்துக்கெல்லாம் பெரிய பயம் ஒன்று அடியில் இருந்தது. முன்பொரு நாள் பக்கத்து ஊரான பிம்ப்ரியில் ஒரு வாடிக்கையாளரின் கண்ணெதிரே ஸ்ரீவத்சனின் புரோகிராம் பாதியில் நின்று, திரை நடுவே சாம்பல் நிறப் பெட்டியில் எரர் என்று காட்டிவிட்டது. அந்த ஆர்டர் போயிற்று. அன்றிலிருந்து எந்தப் புரோகிராமையும் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு முன்னால் அவரே உட்கார்ந்து ஒரு சடங்கு செய்வார். புரோகிராமில் ஒரு வேலையை 'முயன்று பார்' என்று ஒரு பகுதியில் எழுதுவார்கள். முயன்றது தோற்றுப்போனால் என்ன செய்வது என்பதை 'கேட்ச்' என்கிற அடுத்த பகுதியில் எழுதுவார்கள். ஸ்ரீவத்சன் அந்தக் கேட்ச் பகுதிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து, உள்ளே இருப்பதைத் துடைத்து எடுத்துவிடுவார். அதன் பிறகு எந்தத் தப்பு நடந்தாலும் புரோகிராம் அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். திரை சுத்தமாக இருக்கும். ஆபீசில் இதற்குத் 'திருஷ்டி கழிக்கிறது' என்று பெயர். பெயர் வைத்தது அவரேதான்.

இப்படிச் செய்யாதீர்கள் என்று ரோஹிணி ஒரே ஒருமுறை சொன்னாள். அன்றைக்கு மானிட்டரே கீழே போயிற்று. அதோடு விட்டுவிட்டாள்.

அந்த வருஷம் பிரேக் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் மூன்று பிரஸ்களைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் வேலை வந்தது. பிரஸ் என்றால் ஒரு ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிற இரும்பு. அதன் தலை எண்ணெய் அழுத்தத்தில் கீழே இறங்கி, அடியில் வைத்த பாகத்தை நசுக்கிப் பொருத்திவிட்டு மேலே போகும். தலை கீழே அழுத்திப் பிடித்திருக்கும்போது எவ்வளவு அழுத்தம் விழுந்தது என்ற அளவு கம்பி வழியாகக் குவாலிட்டி அறைக் கம்ப்யூட்டருக்குப் போய்ப் பதிவாகும். பதிவானதும் தலை மேலே போகும், பச்சை விளக்கு எரியும், ஆபரேட்டர் பாகத்தை எடுக்கலாம். பழைய நாட்களில் தலையைத் தூக்கக் கையால் இழுக்கும் லீவர் ஒன்று இருந்தது. வேகமாக வேலை முடிக்க ஆபரேட்டர்கள் அதைப் பாதியிலேயே இழுத்துவிடுகிறார்கள் என்று நிர்வாகம் அதை கேஸ் கட்டரால் வெட்டி எறிந்திருந்தது. இனிமேல் தலை மேலே போவதும் கீழே வருவதும் கம்ப்யூட்டர் சொன்னால்தான்.

ரோஹிணி புரோகிராமை எழுதினாள். அளவு பதிவாவதில் தகராறு வந்தால் தலையைத் தூக்கு, சிவப்பு விளக்கைப் போடு, திரையில் சொல்லு என்று கேட்ச் பகுதியில் எழுதியிருந்தாள். இங்கேதான் அவள் சறுக்கினாள். ஜெயித்தாலும் தோற்றாலும் இதைச் செய்யாமல் வெளியே போகாதே என்று கட்டளை இடுவதற்கென்றே 'ஃபைனலி' என்று ஒரு பகுதி உண்டு. தலையைத் தூக்குகிற வரி அங்கே இருந்திருக்க வேண்டும். எடுத்த எதையும் திருப்பி வைக்கிற இடம் அதுதான். அவள் அந்த வரியை ஜெயிக்கிற பக்கம் ஒன்று, தோற்கிற பக்கம் ஒன்று என்று இரண்டு இடத்தில் எழுதிவிட்டு, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். ஸ்ரீவத்சன் திருஷ்டி கழித்தபோது தோற்கிற பக்கத்து வரி மற்றதோடு சேர்ந்து போயிற்று. பச்சை விளக்கைப் போடுகிற வரி அதற்கும் கீழே, பத்திரமாக இருந்தது.

முதல் பிரஸ்ஸின் ஆபரேட்டர் சுந்தரமூர்த்தி. விழுப்புரம் பக்கத்து ஆள், இருபது வருஷமாகச் சிஞ்ச்வட். அந்தக் கூடத்தில் ரோஹிணிக்குத் தமிழ் பேசக் கிடைத்த ஒரே வாய் அவருடையது. சொல்லிக்கொடுக்கும் நாளன்று, சிவப்பு எரிந்தால் கிட்டே வராதீர்கள், பச்சை எரிந்தால் தாராளமாகக் கை வைக்கலாம் என்று அவள் சொல்ல, அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மொதல்ல நீங்க வைங்க மேடம், பாக்கலாம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ரோஹிணி பச்சை எரியும்வரை பொறுத்து, வளையல் கையை அந்தத் தலைக்கு அடியில் முழங்கைவரை நீட்டி, பாகத்தை எடுத்துக் கொடுத்தாள். சுந்தரமூர்த்தி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்கப்புறம் அவர் அந்த விளக்கைச் சந்தேகப்படவே இல்லை.

மூன்றாவது பிரஸ்ஸை ஒப்படைக்கும் நாள் கணபதி உற்சவத்தின் நடுவில் வந்தது. குவாலிட்டி அறையில்தான் தொழிலாளர்கள் கணபதியை வைத்திருந்தார்கள். காலையில் ஆரத்திக்கு முன்னால் யாரோ சீரியல் விளக்குச் சரத்துக்கு இடம் தேடி, சுவரிலிருந்த ஒரு பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தங்கள் பிளக்கைச் செருகினார்கள். பிடுங்கியது பிரஸ்களையும் குவாலிட்டி கம்ப்யூட்டரையும் இணைக்கிற பெட்டியின் பிளக். பக்தியில் செய்ததுதான். கணபதி ஜொலித்தார், பதிவு நின்றது.

கூடத்தின் மூலையிலிருந்த கண்ணாடி கேபினில், மூன்று கம்ப்யூட்டர்களுக்கு நடுவே ரோஹிணியும் ஸ்ரீவத்சனும் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே முதல் பிரஸ்ஸின் தலை இறங்கியது. அளவைப் பதியப் போன புரோகிராம் எதிர்முனையில் வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் தோற்றது. தோல்வி காலியான கேட்சில் விழுந்து காணாமல் போயிற்று. தலையைத் தூக்கச் சொல்ல யாரும் இல்லை. கீழே அழுத்து என்ற பழைய ஆணை அப்படியே உயிரோடு இருக்க, மேலே பச்சை எரிந்தது.

சுந்தரமூர்த்தி பார்த்தார். பச்சை எரிகிறது, தலைதான் சோம்பல் படுகிறது, பாகம் எங்கோ சிக்கியிருக்கும் என்று நினைத்தார். வலது கையை உள்ளே விட்டுப் பாகத்தை அசைத்தார். பாகம் புரண்டு வெளியே தெறித்தது. அதுவரை அந்தத் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தது அந்தப் பாகம் மட்டும்தான்.

ஆரத்தி டோல் மேளச் சத்தத்தில் முதல் அலறல் யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாவது கேட்டது. பக்கத்து பிரஸ்ஸிலிருந்த சாவந்த் ஓடிவந்து அவசரச் சிவப்பு பட்டனை அடித்தான். பம்பு நின்றது, தலை நின்ற இடத்திலேயே நின்றது. மணிக்கட்டுக்குக் கீழே சுந்தரமூர்த்தியின் கை இரும்புக்குள் போயிருந்தது. இரத்தம் மேடை விளிம்பில் வழிந்து எண்ணெயோடு கலந்தது. முழங்கைவரை இருந்த மிச்சக் கையை இடது கையால் பிடித்துக்கொண்டு அவர் தொங்கினார்.

கேபினில் ஸ்ரீவத்சன் திரையைப் பார்த்தார். அவர் வாயிலிருந்து முதலில் வந்தது இதுதான்: "எரர் வந்துதோ? ஸ்க்ரீன்ல ஒண்ணும் வரலையே."

வரவில்லைதான். என்ன நடந்திருக்கும் என்று ரோஹிணிக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது, தெரிந்ததும் அந்த ஆளின் மேலும் தன் மேலும் வெறுப்பு வந்தது.

வெளியே கூட்டம் சேர்ந்தது. ஒரு ஃபிட்டர் எண்ணெய்க் குழாயைக் கழற்ற ஸ்பேனரோடு வந்து, கழற்றினால் தலை தன் முழு எடையோடு இறங்கிவிடும் என்று அவனே தலையில் அடித்துக்கொண்டு நின்றான். யாரோ லீவரைத் தேடினார்கள். வெட்டிய இடத்தில் மொட்டையான இரும்பு முனைதான் இருந்தது. அதைப் பார்த்ததும் கூட்டத்துக்கு வெறி பிடித்தது. லீவரை வெட்டச் சொன்ன ஷாப் சூப்பர்வைசர் அங்கேயே நின்றிருந்தார். அவரைச் சட்டையோடு இழுத்துப் போட்டு மிதித்தார்கள். குலால் பொடி அப்பிய முகங்கள், அதன் மேல் வியர்வை, யார் யாரை அடிக்கிறார்கள் என்று தெரியாத நெரிசல். சூப்பர்வைசரின் மூக்கு உடைந்தது. பிறகு யாரோ கேபினைக் கைகாட்டினார்கள். கல் ஒன்று வந்து கண்ணாடியில் விழுந்தது.

ஸ்ரீவத்சன் மவுஸைப் பிடித்தார். புரோகிராமை மூடித் திரும்பவும் தொடங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். அவர் வாழ்க்கையில் எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. ஆனால் அந்தப் புரோகிராம் எப்போது தொடங்கினாலும் முதலில் ஒருமுறை தலையை அடிமட்டம்வரை இறக்கும். குழாயிலிருக்கும் காற்றை வெளியேற்றுவதற்காகத் தினமும் காலையில் நடக்கிற வெற்று அடி அது. அவரே கேட்டு வாங்கி எழுத வைத்தது. பயத்தில் அவருக்கு அது மறந்தே போயிற்று.

"சார், வேண்டாங்க. எறங்கீரும்" என்று ரோஹிணி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

அவர் அவளைக் கன்னத்தில் அறைந்தார். இந்தமுறை ஓரடி தள்ளிக் குறி வைக்கவில்லை. அவள் நாற்காலியோடு சாய்ந்தாள். எழுந்தபோது திரையில் மவுஸின் அம்பு 'தொடங்கு' பட்டனை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. மேஜை மேல் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்த பிரேக் சிலிண்டர் வார்ப்பு ஒன்று அவள் கையில் வந்தது. எடுத்த வேகத்தில் அவர் நெற்றிப்பொட்டில் இறக்கினாள். ஸ்ரீவத்சன் மேஜைக்கடியில் சரிந்தார். அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவுமில்லை.

வேண்டியது ஒன்றே ஒன்று. வெற்று அடி இல்லாமல், முன்பின் யோசிக்காமல், மேலே போ என்ற ஒற்றைச் சொல்லைப் பிரஸ்ஸுக்கு அனுப்புகிற சின்னப் புரோகிராம். அவள் தட்டத் தொடங்கினாள். முயன்று பார்: பிரஸ்ஸுக்குப் போகிற கம்பியைத் திற, மேலே போகச் சொல். தோற்றால்: என்ன ஆயிற்றோ அதை அப்படியே திரையில் காட்டு. இந்த வரியைத் தட்டும்போது அவளுக்கு அழுகை வந்தது. ஃபைனலி: கம்பியை மூடு.

கதவு உடைந்தது. சாவந்த் கையில் இரும்புத் தடியோடு உள்ளே வந்தான். கம்ப்யூட்டரை உடைக்கத்தான் வந்தான். அவள் மானிட்டருக்குக் குறுக்கே விழுந்தாள். தடி அவள் இடது தோளில் இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது. தெரிந்த இந்தியையும் தெரியாத மராத்தியையும் சேர்த்து, இது உடைந்தால் சுந்தரமூர்த்தியின் கை வெளியே வராது என்று சொன்னாள். அவன் தடியை மறுபடி ஓங்கினான்.

உடைந்த கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் சுந்தரமூர்த்தி பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு வருகிற நிலையில் அவர் இல்லை. ஆனாலும் மராத்தியில், அடிவயிற்றிலிருந்து, அவளை விடு, அவள் செய்யட்டும் என்று கத்தினார். அவர் கத்தியதைக் கேட்டுச் சாவந்தின் கை அந்தரத்தில் நின்றது.

ரோஹிணி ஒற்றைக் கையால் மிச்சத்தைத் தட்டி முடித்து ஓடவிட்டாள். திரை நடுவே சாம்பல் நிறப் பெட்டி வந்தது: கம்பியை வேறொரு புரோகிராம் பிடித்து வைத்திருக்கிறது, திறக்க முடியவில்லை. ஸ்ரீவத்சன் கண்ணில் பட்டிருந்தால் கீபோர்டு பறந்திருக்கும். அந்தத் தொழிற்சாலைக்கு வந்த நாளிலிருந்து கம்ப்யூட்டர் பேசிய முதல் உண்மை அது. பழைய புரோகிராம் தோற்ற பிறகும் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று புரிந்து, அதைத் தேடிப் பிடித்துக் கொன்றாள். பிடி விட்டது. பிறகு சாவந்திடம், சிவப்பு பட்டனை விடுவிக்கச் சொன்னாள். பட்டனை விட்டால் தலை மறுபடி இறங்கிவிடும் என்று வெளியே நின்றவர்கள் பயந்தார்கள், யாரும் தொடவில்லை. சுந்தரமூர்த்தி தன் இடது கையையே நீட்டி அதைத் திருகினார்.

பம்பு உறுமியது. அவள் இரண்டாவது முறை ஓடவிட்டாள். தலை மேலே போயிற்று.

கையென்று சொல்ல அங்கே அதிகம் இல்லை. சாவந்த் தன் சட்டையைக் கிழித்துக் கட்டினான். ஒரே டெம்போவில் சுந்தரமூர்த்தி, சூப்பர்வைசர், ஸ்ரீவத்சன், ரோஹிணி நாலு பேரையும் ஏற்றினார்கள். அடித்தவர்களும் அடிபட்டவர்களும் ஒரே சீட்டில் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, வழி முழுக்கக் கணபதிப் பந்தல்களில் பாட்டு அலறியது.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ரோஹிணிக்குத் தோளில் கட்டுப் போட்டுக் கைத்தூளி மாட்டினார்கள். தாழ்வாரத்தில் தலைக்கட்டோடு ஸ்ரீவத்சன் தொழிற்சாலை அதிகாரியிடம் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் சிஸ்டத்தில் ஒரு எரர்கூடப் பதிவாகவில்லை, பச்சை எரிந்தது, ஆபரேட்டர்தான் முறைப்படி எடுக்காமல் பாகத்தை ஆட்டியிருக்கிறான் என்றார். சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை, அதுதான் கொடுமை. அதிகாரி தலையாட்டினார். போலீஸ் வந்தால் வேலை நிற்கும், சரக்கு ஏற்ற லாரி வாசலில் காத்திருக்கிறது, அதனால் அடிதடியைப் பற்றி யாரும் பேச வேண்டாம் என்றார். எல்லாரையும் இடத்துக்கு அனுப்பி மற்ற இரண்டு பிரஸ்ஸையும் இப்போதுதான் ஓட்டத் தொடங்கியதாகச் சொன்னார்.

ரோஹிணி உள்ளே போனாள். மயக்கம் பாதி தெளிந்திருந்த சுந்தரமூர்த்தி, இல்லாத கையைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார்.

"பச்ச எரிஞ்சுச்சு மேடம். பாத்துட்டுதான் வச்சேன்."

"தெரியுங்ணா. பச்சை பொய் சொல்லிருச்சுங்க. நாங்கதான் அப்படிச் சொல்ல வச்சோம்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். கண்ணை மூடிக்கொண்டு, சாவந்த் மெஷினிலும் அதே பச்சைதானா என்று மட்டும் கேட்டார்.

அவள் திரும்பி நடந்தாள். தாழ்வாரத்தில் ஸ்ரீவத்சன் கூப்பிடக் கூப்பிட நிற்காமல் வெளியே வந்து ஆட்டோவை நிறுத்தினாள். ஆட்டோ குலுங்கிய ஒவ்வொரு குலுக்கலுக்கும் தோள் உயிரை எடுத்தது.

கூடத்தில் இரத்தத்தின் மேல் மரத்தூள் கொட்டியிருந்தார்கள். குவாலிட்டி அறையில் சீரியல் விளக்கு இன்னும் மின்னிக்கொண்டிருந்தது, காலையில் பிடுங்கிய பிளக் கீழே கிடந்தது. இரண்டாவது பிரஸ்ஸில் சாவந்த், சட்டையில்லாத பனியனோடு. அந்த பிரஸ்ஸின் தலை கீழே நின்றது, பாகம் அதன் பிடியில் இருந்தது, பச்சை எரிந்தது. அவன் வலது கை உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"ஹாத் நகோ" என்று அவள் கத்தினாள். கையை வைக்காதே.

அவன் கையை இழுத்துக்கொண்டான். பச்சையைக் காட்டி, இது எரிகிறதே என்று இந்தியில் கேட்டான். அவள் விளக்கைப் பார்த்தாள், சுற்றிப் பார்த்தாள், அடிக்க ஏதாவது கிடைக்குமா என்று தேடினாள். சாவந்துக்குப் புரிந்தது. காலையில் அவள் தோளை உடைத்த அதே தடி பிரஸ்ஸின் காலில் சாய்த்து வைத்திருந்தது. அதை எடுத்து அவள் நல்ல கையில் கொடுத்தான்.

ரோஹிணி முதல் அடியிலேயே பச்சையை உடைத்தாள். கண்ணாடி தெறித்தது. மூன்றாவது பிரஸ்ஸுக்கு நடந்து போய் அங்கேயும் உடைத்தாள். கடைசியாகச் சுந்தரமூர்த்தியின் பிரஸ்ஸுக்கு வந்தாள். அந்த விளக்கு ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது. அதைத்தான் அதிக நேரம் அடித்தாள்.

லாரி வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அன்றைக்கு அந்தக் கூடத்தில் அதற்கப்புறம் யாரும் உள்ளே கை விடவில்லை.